கைவிட்ட மனையில் முதலில் அடைக்க வேண்டியது துளையை

பாதியில் நின்றுபோன லாட்ஜைப் பார்த்தால் கண்ணை உறுத்துவது கான்கிரீட் தூண்கள்தான். எப்போது இடிப்பார்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ராமேஸ்வரம் தீவைப் பொறுத்தவரை இந்த வரிசை தப்பு. தூண் இன்னும் நாலு வருடம் நின்றாலும் குடிமுழுகிப் போகாது. அதே மனையின் மூலைகளில் போட்டுவிட்டுப் போன போர் துளைகள், மழைநீர் தேங்கும் லிஃப்ட் குழி, ஜேசிபி வைத்துத் தட்டையாக்கிய மணல்மேடு, அதன்மேல் கொட்டி ரோலர் ஓட்டிய கிராவல், இவைதான் வேலை நின்ற பிறகும் ஓயாமல் கெடுத்துக்கொண்டிருப்பவை. இவற்றை எந்த வரிசையில், எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

கைவிடுவதில் மூன்று தினுசு உண்டு. தீவுக்குள் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கமும், பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம், உச்சிப்புளி வரையிலும் மூன்றையும் பார்க்கலாம். முதலாவது லேஅவுட். எல்லைக்கல் நட்டு, சாலைக்குக் கிராவல் அடித்து, முகப்பில் ஆர்ச் கட்டி, பாதி மனை விற்றதும் புரமோட்டர் நகர்ந்துவிட்ட நிலம். இரண்டாவது, ஒன்றிரண்டு தளம் எழும்பி நின்ற சட்டகம். கூட்டாளித் தகராறு, வங்கிக் கடன், பட்டாச் சிக்கல், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி இல்லாமை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது, சில சீசன் ஓட்டிவிட்டுப் பூட்டிய காட்டேஜ். 2017 ஜூலை 27 அன்று அப்துல் கலாம் நினைவகமும் அரிச்சல்முனை வரைக்குமான சாலையும் ஒரே நாளில் திறக்கப்பட்டன. நிலத்தின் மேலிருந்த ஆசை அதற்குப் பிறகு கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றில் நிலத்துக்கு மோசமானது பூட்டிய காட்டேஜ்தான். அது கழிவுநீரையும் விட்டுவிட்டுப் போகிறது.

தண்ணீர் எங்கே இருக்கிறது

தீவில் ஆறு கிடையாது. பெரும்பகுதி மணல், அடியில் பழைய பவளப் பாறை. குடிக்கக்கூடிய நிலத்தடி நீர் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் எண்ணெய்போல மிதக்கும் ஒரு படலம்தான். நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கும். ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களும், தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தமும் இந்தப் படலத்தின் வேலை. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுக்கிறார்களே, அதுவும் இதுதான்.

கடல்நீரின் அடர்த்தி நல்ல நீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு அதிகம். அதனால் மணலுக்குள் நல்ல நீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயரமாக நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்க முடியும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து தெரியும். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருக்கும் உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல எல்லை கிடையாது. கலங்கலான ஒரு கலப்புப் பகுதி இருக்கும், இறைக்க இறைக்க அது தடித்துக்கொண்டே போகும்.

எவ்வளவு கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, 250 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை. கிணற்று நீரில் கடல்நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே குளோரைடு 380 கூடிவிடும். ஐந்து பங்கு கலந்தால் 950. நூறு குடத்தில் ஐந்து குடம் கலந்தால் அந்தக் கிணறு குடிக்க உதவாது. ஒரு தடவை கரித்துப்போன மணல் பழையபடி இனிக்க ஒரு மழைக்காலம் போதாது.

துளைகள்

கட்டட வேலைக்கு வருபவர்கள் முதலில் போடுவது போர். மணலில் 30, 40 அடிக்குள் 4 அங்குல பிவிசி குழாய் இறக்கி, அடியில் 10 அடிக்குச் சல்லடைக் கீறல் போட்ட ஃபில்டர் குழாய் வைப்பார்கள். முதல் சில மாதம் நல்ல தண்ணீர் வரும். கான்கிரீட் போடுகிற நாளிலும் அதன்பிறகு தண்ணீர் காட்டும் நாட்களிலும் மணிக்கணக்கில் மோட்டார் ஓடும், தண்ணீர் கரிக்கத் தொடங்கும். உடனே இன்னும் ஆழமாக ஒன்று போடுவார்கள். அது இன்னும் கரிக்கும். அடுத்த மூலையில் மூன்றாவது. வேலை நிற்கும்போது மோட்டாரையும் கேபிளையும் மட்டும் கழற்றிக்கொண்டு போவார்கள், ஏனென்றால் அவற்றுக்குத்தான் காசு. துளைகள் அப்படியே கிடக்கும்.

சும்மா கிடக்கும் துளை என்ன செய்யும் என்று கேட்கலாம். ஓதம் ஏறி இறங்குவதற்கேற்பக் கரையோர நிலத்தடி நீரும் ஏறி இறங்கும். மணலுக்குள் மெதுவாக நடக்கும் இந்த அசைவு, தடையில்லாத குழாய்க்குள் வேகமாக நடக்கும். அடி உப்பும் மேல் நல்ல நீரும் குழாய்க்குள்ளேயே கலக்கும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது அந்தக் கலப்பு அங்கே இழுபடும். மேலே மூடியும் இல்லையென்றால் மழையில் அடித்து வரும் ஆட்டுப் புழுக்கை முதல் செப்டிக் கழிவு வரை நேராக நிலத்தடிக்குப் போகும். குழந்தை விழும் ஆபத்து தனி. 2010இல் உச்ச நீதிமன்றம் கைவிட்ட போர்களை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடந்த துயரத்துக்குப் பிறகுதான் பல ஊர்களில் அதைத் தூசி தட்டினார்கள். அதுவும் பெரும்பாலும் வாயில் ஒரு மூடியைத் திருகியதோடு சரி. மூடி குழந்தையைக் காப்பாற்றும், தண்ணீரைக் காப்பாற்றாது.

எந்தத் துளை மோசம் என்று கண்டுபிடிக்க, நீரில் கரைந்த உப்பை அளக்கும் சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டர் போதும், ஆனால் மேல் தண்ணீரை மட்டும் அளந்து ஏமாறக் கூடாது. ஒடுக்கமான பாட்டிலின் அடியில் கனம் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். வேண்டிய ஆழத்துக்கு இறக்கியதும் தக்கையை இழுத்தால் அந்த ஆழத்து நீர் பாட்டிலில் நிறையும். மேல், நடு, அடி என்று மூன்று மாதிரி எடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அவசரமில்லை. அடியில் மேலைப்போல மூன்று, நாலு மடங்கு காட்டினால் அந்தத் துளை அடியிலிருக்கும் உப்புநீரைத் தொட்டுவிட்டது, அதை முதலில் அடைக்க வேண்டும். மலிவு மீட்டர்கள் பலவும் 9,990க்கு மேல் காட்டாது. அந்த எண்ணிலேயே நின்றால், ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து அளந்து பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடைக்கும் முறை இது. உள்ளே கிடக்கும் கயிறு, உடைந்த குழாய், செத்த எலி எல்லாவற்றையும் கொக்கி போட்டு எடுத்துவிட வேண்டும். 4 அங்குலம், 40 அடி துளையில் நூறு லிட்டருக்குள்தான் நீர் இருக்கும். 15 முதல் 20 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஒரு நாள் விடலாம். பிறகு அடியில் ஃபில்டர் கீறல் இருக்கும் நீளத்துக்குக் கழுவிய மணலைக் கொட்டுங்கள். இதைச் செய்யாமல் நேராகச் சிமெண்டுக் குழம்பை விட்டால் கீறல் வழியே வெளியே ஓடிவிடும், எத்தனை மூட்டை போட்டாலும் மட்டம் ஏறாது.

குழம்புக்கு 50 கிலோ சிமெண்டு மூட்டைக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர், இரண்டரைக் கிலோ பென்டோனைட் (ஊறினால் வீங்கும் களிமண் தூள்). பென்டோனைட்டை முதலில் தனியாக நல்ல தண்ணீரில் ஊறவைத்த பிறகே சிமெண்டைச் சேர்க்க வேண்டும். சிமெண்டு கலந்த நீரிலோ உப்பு நீரிலோ போட்டால் அது வீங்காது, கட்டி கட்டியாக நிற்கும். ஒரு மூட்டை ஏறக்குறைய 0.047 கன மீட்டர் குழம்பு தரும். 4 அங்குலத் துளையில் 30 அடி அடைக்க இரண்டு மூட்டை தாராளம். ஆறரை அங்குல போரில் உப்பு எல்லைக்கு மேலும் கீழும் இருபது இருபது அடி அடைக்க ஆறு மூட்டை ஆகும்.

குழம்பை மேலிருந்து ஊற்றக் கூடாது. தண்ணீருக்குள் விழும்போது சிமெண்டு கரைந்து பிரிந்து, அடியில் வெறும் சேறுதான் சேரும். ஒரு அங்குலக் குழாயை அடிவரை இறக்கி அதன் வழியாக விட்டு, குழம்பு ஏற ஏறக் குழாயை உயர்த்த வேண்டும். குழாய் முனை எப்போதும் குழம்புக்குள் முழுகியிருக்கட்டும். மறுநாள் பார்த்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், திரும்ப நிரப்புங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது கேசிங் குழாய்க்கு வெளிப்பக்கம். குழாய்க்கும் மணலுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகவும் தண்ணீர் இறங்கும். முக்காலி நட்டு, செயின் பிளாக்கால் கேசிங்கை உருவ முடிந்தால் உருவிக்கொண்டே குழம்பு விடுவது நல்லது. வரவில்லையென்றால் சுற்றிலும் மூன்றடி தோண்டி, குழாயை அந்த ஆழத்தில் அறுத்து, வெளிப்பக்கம் ஓர் அடி அகலத்துக்குக் களிமண்ணை அடித்து இறுக்கி, அதன்மேல் கான்கிரீட் தொப்பி போட்டு, மேல் இரண்டடியை மணலால் நிரப்புங்கள். சர்வே எண்ணையும் ஜிபிஎஸ் அளவையும் குறித்து உள்ளாட்சியில் ஒரு நகல் கொடுத்து வைப்பது பின்னால் உதவும்.

குழிகள், தொட்டிகள்

ராமேஸ்வரம் தீவில் மலேரியா பழைய தொல்லை. அதைப் பரப்பும் கொசுக்களில் ஒன்றான அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி சாக்கடையைத் தேடாது. கிணறு, சம்ப், மாடித் தொட்டி, கட்டட வேலைக் குழி என்று தெளிந்த நீராகப் பார்த்து முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தின் லிஃப்ட் குழி இதற்கு வசதியான இடம். நிழல் உண்டு, தண்ணீர் சீக்கிரம் வற்றாது, எட்டிப் பார்க்க ஆளும் இல்லை. கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடுவது தற்காலிகம்தான், கோடையில் நீர் வற்றினால் மீனும் போய்விடும்.

குழியின் அடியில் ஓட்டை போட்டால் நீர் இறங்கிவிடும் என்று செய்து பார்ப்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் குழியின் அடியைவிட உயரமாக இருந்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளேதான் வரும். அந்த இடத்தின் கார்த்திகை மாத நீர் மட்டத்தைக் கேட்டு, அதற்கு ஓர் அடி மேல் வரைக்கும் மணல் நிரப்புவதே சரி. சம்ப்பை நிரப்பும்போது முதலில் அடித்தளத்தை நாலு இடத்தில் உடைத்துவிட வேண்டும். உடைக்காமல் நிரப்பினால் மணலுக்கு மேலே மழைநீர் தேங்கி நிற்கும்.

பூட்டிய காட்டேஜின் செப்டிக் டேங்க் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: ஆள் இறங்கவே கூடாது. பாதுகாப்புக் கவசமில்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். கழிவுநீர் லாரி வைத்து உறிஞ்சி, கசடு அடியில் இறுகியிருந்தால் தண்ணீர் பீய்ச்சி இளக்கி மறுபடி உறிஞ்ச வேண்டும். பிறகு சுண்ணாம்பு தூவி, மேலிருந்தே இயந்திரத்தால் அடியை உடைத்து மணல் நிரப்பலாம். பக்கத்தில் உறை இறக்கிய கசிவுக்குழி இருக்கும், அதையும் விடக் கூடாது. கசிவுக்குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேலே ஆறடியாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. தண்ணீர் ஐந்து, ஆறு அடியிலேயே கிடைக்கிற கரையோர மணலில் அந்த விதிப்படி உறை இறக்க இடமே கிடையாது. இறக்கிய எல்லா உறையும் குடிநீருக்குள்தான் நிற்கிறது.

கிராவலும் மணல்மேடும்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் லேஅவுட், அதில் கால்பங்கு சாலை. 4,35,600 சதுர அடியில் 1,08,900. அரை அடி கனத்துக்குக் கிராவல் அடித்தால் 54,450 கன அடி, அதாவது சுமார் 545 யூனிட். லாரிக்கு மூன்று யூனிட் என்று வைத்தாலும் 180 நடை செம்மண், அது பிறந்த இடமே இல்லாத ஒரு மணல் தீவுக்கு வந்து சேர்கிறது. அதைக் கொட்டுவதற்கு முன் மேடுகளைச் சீவி, பனையைச் சாய்த்து, அடும்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் வாரிப் போட்டிருப்பார்கள்.

கெடுதல் இரண்டு வழியில் வருகிறது. ஒரு அடி விட்டமுள்ள குழாய்த் துண்டை மண்ணில் நாலு விரல்கடை இறக்கி ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மணல்மேட்டில் சில நிமிடத்தில் காணாமல் போகும். ரோலர் ஓட்டிய கிராவலில் மணிக்கணக்கில் நிற்கும். இறங்க வேண்டிய மழை இறங்காமல் ஓடுகிறது, படலம் மெலிகிறது. ஓடுகிற நீர் செம்மண்ணின் நுண்துகளை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவது இரண்டாவது கெடுதல். தென்கடலான மன்னார் வளைகுடாவில் பவளமும், வடகடலான பாக் விரிகுடாவின் ஆழமில்லாத விரிப்பில் கடற்புல்லும் வெளிச்சத்தை நம்பி வாழ்பவை. மழை முடிந்து வாரக்கணக்கில் கலங்கல் நின்றால் அவை மூச்சுத் திணறும். கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான், மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஒதுங்குவதும் இங்கேதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தோம். பவளக்கல் வெட்டி எடுத்த காலத்தின் விளைவாக அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. மிச்சமிருக்கும் பவளத்தின்மேல் செம்மண்ணைக் கரைத்து விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கிராவலை எடுக்க நாள் பார்க்க வேண்டும். தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். ஒரு குழியில் நூறு முட்டை அளவில், ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும், பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். அந்தக் காலத்தில் கரைப்பக்கம் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. ஐப்பசியில் மழை பிடித்துவிடும். மிஞ்சுவது ஆனி முதல் புரட்டாசி வரை. ஆனால் அதுதான் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலமும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் வழித்தெடுத்தால் அடியிலிருக்கும் மணல் பறந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் குவியும். ஆகையால் 20 அடிப் பட்டையாக வழித்து, அன்றைக்கே காற்றுக்குக் குறுக்கே பனையோலைத் தட்டி நட்டுவிட வேண்டும். தட்டி இடுப்பளவு உயரம் போதும். ஓலைக்கு ஓலை இடைவெளி விட்டு, பாதிக் காற்று ஊடே போகும்படி கட்டுங்கள். நெருக்கமாகக் கட்டினால் காற்று தட்டியில் மோதிச் சுழன்று அடிமணலைத் தோண்டிவிடும். சரியாகக் கட்டிய தட்டியின் பின்னால் மணல் தானாகச் சேரும். முக்கால்வாசி புதைந்ததும் அதன்மேல் இன்னொரு வரிசை. வழித்த கிராவலை வேறு எங்காவது சாலைக்குக் கொடுத்துவிடலாம்.

முதல் நல்ல மழைக்குப் பிறகு நடவு. அடும்பில் மூன்று, நாலு கணு உள்ள ஒன்றரை அடித் துண்டுகளை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மூன்றடிக்கு ஒன்று வையுங்கள். ராவணன் மீசையை வேரோடு பெயர்த்த தூர்களாக மேட்டின் கடல்பக்கம் வைக்க வேண்டும். பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை, நடுநடுவே உடைமரம். சவுக்கு மட்டும் வேண்டாம். சீக்கிரம் பச்சையாகும் என்று வனத்தோட்டக்காரர்களும் தொண்டு அமைப்புகளும் அதையே நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் சருகு மெத்தைக்கு அடியில் அடும்பு முளைக்காது, ஆமைக்கும் அந்தக் கரை ஆகாது.

கிராவல் கிடக்கிற இடமெல்லாம் சீமைக்கருவேலம் வரும், அது ராமநாதபுரம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். அடிமட்டையோடு ஓர் அடி ஆழத்துக்கு வேரைத் தோண்டி எடுத்தால்தான் அடங்கும். மணல்மேட்டில் அதற்கு ஜேசிபி இறக்காமல் ஆள் வைத்துத் தோண்டுங்கள், இல்லாவிட்டால் மரத்தோடு மேடும் போய்விடும். காய் தின்ற ஆடு விதையைப் பரப்பும். அதனால் தை பிறந்ததும் முளைத்திருக்கும் குஞ்சுகளைக் கையால் பிடுங்குவது வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை.

யாரைக் கேட்பது

மதுரையிலும் சென்னையிலும் உட்கார்ந்து மனை வாங்கிய இருநூறு பேரில் ஒருவர்கூட தீவில் இருக்க மாட்டார். போரை அடைக்க யாரிடம் ஒப்புதல் கேட்பது என்பதிலேயே வேலை நின்றுவிடும். அங்கீகாரம் பெற்ற பெரிய லேஅவுட் என்றால் சாலையும் 10 சதவீதப் பொது இடமும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதப்பட்டிருக்கும். துளை அந்தப் பகுதிக்குள் வந்தால் நகராட்சியோ ஊராட்சியோ நாளைக்கே அடைக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே முதலில் லேஅவுட் வரைபடத்தையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணுக்கான நில அளவைப் படம்) ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

500 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டம் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு காலாவதியானாலோ ரத்தானாலோ, மிச்ச வேலையை முடிக்கும் முதல் உரிமை மனை வாங்கியவர்களின் சங்கத்துக்கு உண்டு என்கிறது 8ஆவது பிரிவு. அந்த "மிச்ச வேலை" பட்டியலில் துளை அடைப்பையும் கழிவுத்தொட்டி அகற்றலையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, கடற்புல் விரிப்பு மூன்றும் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் முதல் வகை மண்டலத்தில் வருபவை. மணல்மேட்டைச் சிதைப்பது 2011 அறிவிக்கையிலும் தடை, 2019 அறிவிக்கையிலும் தடை. தனுஷ்கோடியில் பூநாரை சரணாலயம் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டிருப்பதால் அந்தப் பக்கத்து நிலங்களுக்கு வனத்துறையின் கண்ணும் உண்டு. புகார் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்குப் போக வேண்டும்.

பசுமைத் தீர்ப்பாயம் போவதென்றால் காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், கைவிட்டுப் பல வருடம் ஆன மனைக்கு அது அடிபட்டுவிடும். சேதமான சூழலை மீட்கக் கோரும் 15ஆவது பிரிவில் ஐந்து வருடம் இருக்கிறது. பழைய செயற்கைக்கோள் படங்களில் மேடு எந்த வருடம் இருந்தது, எந்த வருடம் இல்லை என்று காட்டும் இரண்டு அச்சுப்படிகளும், மூன்று ஆழத்து டிடிஎஸ் அளவும் பத்துப் பக்க வாதத்தைவிட எடுபடும்.

கடைசியாகக் கான்கிரீட்

கரையோரச் சட்டகத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். துரு ஏடு ஏடாகப் பிரியும். கம்பி கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் செங்கறை வளையமும், அங்கிருந்து தூணின் மூலையோடு நேராக இறங்கும் விரிசலும் இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும், அந்த அழுத்தம்தான் விரிசல். துருவைச் சுரண்டி வெர்னியர் வைத்து அளந்தால் 16 மி.மீ. கம்பி 14 ஆகியிருக்கும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், பரப்பளவில் கிட்டத்தட்ட கால்பங்கு போயிருக்கிறது.

கடல் சாரல் படும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 கேட்பது எம்35 தரமும் கம்பிக்கு வெளியே 50 மி.மீ. மூடாக்கும். உள்ளூர்ச் சந்தையில் வாங்கி வைக்கும் கவர் பிளாக் 20 அல்லது 25. கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதி. கரித்துப்போன போரில் கடல்நீர் நூற்றுக்கு மூன்று பங்கு கலந்திருந்தால் அந்த வரம்பு தாண்டிவிட்டது. அதாவது பல கட்டடங்களில் துரு கலவை போட்ட அன்றைக்கே உள்ளே போய்விட்டது. எட்டுப் பத்து வருடம் கழித்துப் புது முதலாளி வந்து, பழைய தூண்மேல் பூசிவிட்டு இரண்டு மாடி ஏற்றுவதாகச் சொன்னால், துளையிட்டு எடுத்த மாதிரியில் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்குள் இருக்கிறதா, கம்பி துருப்பிடிக்கிறதா என்று காட்டும் அரைமின்கல மின்னழுத்த அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டுகிறதா என்று கேளுங்கள். தாண்டினால் உள்ளே துரு ஓடிக்கொண்டிருப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு.

இடிப்பது என்று முடிவானால் எடையை முதலில் கணக்கிடுங்கள். 2,000 சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் ஒன்றே 59 டன் வரும், தூணும் பீமும் தனி. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரித் தீவில் விதி மீறிக் கட்டிய காப்பிகோ ரிசார்ட்டை அகற்ற 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இடிப்பு தொடங்கியது 2022 செப்டம்பரில். தீவிலிருந்து இடிபாட்டை வெளியேற்றுவதுதான் எப்போதும் கடினமான பகுதி. இங்கே பாலம் இருக்கிறது, அந்தச் சாக்கு செல்லாது.

"அலைத்தடுப்பாகக் கடலோரம் போட்டுவிடுகிறோம்" என்று காண்ட்ராக்டர் சொல்வார். விடாதீர்கள். கம்பி நீட்டிய ஒரு துண்டு போதும், கரைவலை இழுக்கும் இடம் ஒன்று பாழாகிவிடும். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் வலையின் மடி கிழியும். பாசி எடுக்க இறங்கும் பெண்களின் காலும் அங்கேதான் படும். அலையில் மோதும் மதில்சுவரும் இப்படித்தான். அலை சுவரில் அடித்துத் திரும்பும்போது அடிமணலை இழுத்துப் போகும், சுவர் முடிகிற இடத்துக்கு அடுத்த மனையில் கரை உள்வாங்கும். அதனால் சட்டகத்துக்கு முன்பே மதிலையும் முள்கம்பியையும் எடுத்துவிடலாம்.

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு நிற்கும் தேவாலயச் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்பும், உதிர்ந்தாலும் அந்த மண்ணோடு சேர்ந்துவிடும். கான்கிரீட் சேராது. கம்பியைப் பழைய இரும்புக்குப் பிரித்து, கான்கிரீட்டைச் சல்லியாக உடைத்து உள்நாட்டுச் சாலைக்கு அடித்தளமாகக் கொடுக்க வேண்டும், பூசிய செங்கல்லைத் தனியாக. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் குவித்தால் எந்த நொறுக்கு ஆலையும் எடுத்துக்கொள்ளாது.

அஸ்திவாரம் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே போன ஃபுட்டிங்கை எடுக்க நீர் இறைக்க வேண்டிவரும், அந்த இறைப்பே படலத்தைக் கெடுக்கும். மேட்டைத் திரும்ப எழுப்பிய பிறகு மணல் எங்கே நிற்கும் என்று பார்த்து, அதற்கு மூன்றடி கீழே தூணை அறுத்துவிட்டு மீதியை விட்டுவிடலாம். கரையிலிருந்து முதல் வரிசை ஃபுட்டிங் மட்டும் விதிவிலக்கு. வாடைக் காலத்தில் வடகரை அரிக்கும்போது அவை வெளியே வந்துவிடும். அந்த வரிசையை, எவ்வளவு செலவானாலும், முழுதாக எடுத்துவிடுங்கள்.